தேயாத சப்பாத்து

டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரின் கடைசி வீடும் பின்னால் போய்விட்டது. காலைப் பேருந்து எனக்கு முன்னாலேயே புறப்பட்டிருந்தது. அடுத்தது மத்தியானத்துக்குப் பிறகுதான். அந்த ஊரில் எல்லோரிடமும் கார் உண்டு; பேருந்தைத் தேடுவது கிழவிகளும் பள்ளிப் பிள்ளைகளும் நம்மவர்களும்தான். தரிப்பிடத்தில் நின்று விறைப்பதைவிட நடப்பது நல்லது என்று தெருவோரமாக நடந்துகொண்டிருந்தேன்.

அத்தானின் அறையையும் ஒரு தொழிற்சாலை வேலையையும் விட்டுவிட்டு வந்திருந்தேன். நாள் முழுக்க நின்றபடி பிளாஸ்டிக் மூடிகளில் பிழையானதைப் பொறுக்கும் வேலை. ஒரே இடத்தில் நிற்பது எனக்கு என்றைக்கும் சரிவந்ததில்லை. அதற்குப் பாதிக் காரணம் மனம், பாதிக் காரணம் கால்.

என் பாதங்கள் முன்பக்கம் தொங்கும். முழங்காலை உயர்த்தித் தூக்கி வைக்காவிட்டால் விரல் தடக்கும். வைக்கும்போது 'டப்' என்று நிலத்தில் அடிக்கும். நடுப்பாதம் பாலம் போல வளைந்திருக்கும், விரல்கள் கொக்கி போல மடங்கியிருக்கும். பள்ளிக்கூடத்தில் என் வாத்து நடையைப் பார்த்து எனக்குத் தாரா என்று பெயர் வைத்தார்கள். எட்டாம் வகுப்போடு நான் நின்றதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம். பிறகு கப்பல், ஜெர்மனி, டென்மார்க் என்று இதே கால்களோடுதான் திரிந்தேன். அம்மாவுக்கும் இதே கால். அக்காவுக்குக் கொஞ்சம். ஊரில் இதை யாரும் நோய் என்று சொன்னதில்லை. கலியாணப் பேச்சு வந்தால் சேலையைச் சற்று இறக்கிக் கட்டுவார்கள், அவ்வளவுதான். அக்காவின் மகள் தர்சினி நடக்கத் தொடங்கியதும் அவளுக்கும் அதே கால் என்று தெரிந்தது.

என் பையில் இருந்தது அவள் காலுக்கான சப்பாத்து. அதைத்தான் ஓகூஸ் நகரத்துக்குக் கொண்டுபோனேன்.

எண்பதுகளின் கடைசி அது. அத்தானுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்திருந்தது. அக்காவையும் தர்சினியையும் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தார். அவர்கள் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள். பதில் வரவில்லை. நம்மவர்கள் எவருக்குமே பதில் வரவில்லை. அப்போதுதான் ஓகூஸில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் சேவியர் அண்ணை அத்தானுக்குச் செய்தி அனுப்பினார். நரம்பும் தசையும் பழுதானவர்களின் பாதங்களையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து வைத்தியம் செய்யும் ஒரு டொக்டர் அம்மா அங்கே இருக்கிறாராம். பிள்ளையின் கால் இறுகுவதற்கு முன் அவளைக் கொண்டுவர வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தால் குடிவரவு அலுவலகம் கண் திறக்கலாம். பார்க்காத காலைப் பற்றி எழுத மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். பிள்ளையைக் காட்ட முடியாதென்றால், அவள் போட்டுத் தேய்ந்த சப்பாத்தையாவது, கழுவாமல், கொண்டுவரட்டும் என்றாராம்.

கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் கையில் அக்கா சப்பாத்தை அனுப்பியிருந்தாள். அத்தானின் கட்டிலில் வைத்துப் பிரித்தோம். புத்தம் புதிய கறுப்புச் சப்பாத்து. உள்ளே மெல்லிய தாள் கசக்கி அடைத்திருந்தது. ஒரு சோடி வெள்ளைக் காலுறையும் இருந்தது.

"பார்த்தியே, உன்ரை அக்கா கெட்டிக்காரி" என்றார் அத்தான்.

"டொக்டர் பழசுதான் கேட்டவ, அத்தான்."

"அது மரியாதைக்குச் சொல்லுறது. அகதிச் சனம், சிலவழிக்கக் கூடாதெண்டு நினைச்சிருப்பா. அதுக்காக ஒரு பெரிய டொக்டரின்ரை மேசையிலை பாவிச்ச செருப்பைத் தூக்கி வைப்பியே நீ?"

வைக்க மாட்டேன். ஒருவரை நோக்கிச் செருப்பை நீட்டினால் நம்மூரில் அடிதடி வரும். அத்தான் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. உண்மையைச் சொன்னால், அந்தப் பளபளப்பைக் கண்டதும் எனக்குள் ஒரு பெருமை வந்தது. என் காலிலும் அத்தானின் நல்ல சப்பாத்துத்தான் இருந்தது. "உன்ரை உந்தக் கிழிசலோடை ஆஸ்பத்திரிப் படியேறாதை" என்று கழற்றித் தந்திருந்தார். என்னுடையது பையின் அடியில் ஒரு பொலித்தீன் பைக்குள் கிடந்தது.

அத்தானுக்கு வேலையில் லீவு இல்லை. எனக்கு வேலையே இல்லை, அதோடு அதே கால். அதனால் நான் போனேன்.

வயல்கள் தட்டையாக, கறுப்பாக, ஈரமாகக் கிடந்தன. காற்று மறிக்க ஒரு வேலிகூட இல்லை. அத்தானின் சப்பாத்து குதிகாலை உரித்துவிட்டது. பால் ஏற்றிய ஒரு பவுசர் லொறி என்னைக் கடந்துபோய் நின்றது. சாரதி கதவைத் திறந்து, "குடித்திருக்கிறாயா?" என்று கேட்டான். என் நடையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கால் அப்படி என்று கையால் காட்டினேன். "ஏறு" என்றான்.

ஊரில் என்றால் ஒரு லொறிக்காரர் முதல் வளைவுக்குள் என் ஊர், தகப்பன் பெயர், கலியாணமாகிவிட்டதா என்று எல்லாம் கேட்டு முடித்திருப்பார். இவன் ஒன்றும் கேட்கவில்லை. தன் பெட்டியைத் திறந்து, ஈரல் பூசிய கறுப்புப் பாணில், அந்த நாட்டு ரொட்டியில், பாதியைக் கொடுத்தான். புளிப்பும் உப்புமாக இருந்தது. பன்றி ஈரல் என்று தெரிந்தும் சாப்பிட்டேன், பசித்தது. ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டபோது, "வேறு சப்பாத்து வாங்கு" என்று மட்டும் சொன்னான். அந்த நாட்டில் என் காலைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் ஆலோசனை அது. அதுவே சரியான ஆலோசனையும்.

ரயிலில் இன்னொரு கூத்து. பாதி வழியில் ரயிலை இரண்டாகப் பிரிப்பார்களாம். முன்பாதி ஒரு திசை, பின்பாதி ஒரு திசை. நான் பிழையான பாதியில் இருந்தேன். எதிரே பின்னிக்கொண்டிருந்த ஒரு கிழவி என் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுப் பதறி எழுந்தாள். என் நடையைக் கண்டதும் பையைத் தானே பறித்துக்கொண்டு மேடையில் ஓடினாள். நான் தாராவாகப் பின்னால் ஓடினேன். என்னை ஏற்றிவிட்டு, நூல் உருண்டையை இழுத்தபடி தன் பெட்டிக்குத் திரும்பி ஓடினாள். நன்றி சொல்லக்கூட நேரம் இருக்கவில்லை.

ஓகூஸ் நிலையத்தில் சேவியர் அண்ணை சைக்கிளோடு நின்றார். மட்டக்களப்பார், வேதக்காரர், என்னைவிட வயது மூத்தவர்.

"என்ன மனே, யாழ்ப்பாணத்தில இருந்து நடந்தா வாறா? இவ்வளவு நேரம்!"

"கொஞ்சத் தூரம் நடந்ததுதான் அண்ணை."

பையைச் சைக்கிளில் வைத்து அவர் உருட்ட, நான் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அன்றைக்குத் தக்காளிச் சாற்றில் அடைத்த தகரமீனை வெங்காயம், மிளகாய்த்தூள் போட்டுக் கறியாக்கினார். டென்மார்க்காரர் அதைக் குளிராகப் பாணில் வைத்துத் தின்பார்கள். நாங்கள் சோற்றில் குழைத்தோம்.

"தேங்காய்ப்பால் விடேல்லையோ அண்ணை?"

"பாலா? உங்கட ஊர்ல மீனைக் கண்டாத்தானே பால் விட! பனங்கிழங்குக்குப் பால் விடுற ஆக்கள்."

சிரித்தோம். சப்பாத்தை எடுத்துக் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு" என்றார். "நாளைக்குப் பாப்பம்."

மறுநாள் காலை ஆஸ்பத்திரியின் நீண்ட நடைபாதையில், சேவியர் அண்ணை துடைத்த ஈரம் காயுமுன் நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கைத்தடியோடு ஒரு மனிதர் இருந்தார். பெயர் ஓலெ என்றார். என் கால்களைப் பார்த்தார், தன் கால்களைக் காட்டினார். நல்ல நேரான பாதங்கள்.

"நான் இந்த டொக்டருடைய ஆரம்பகால ஆட்களில் ஒருவன்" என்றார் ஓலெ. "கோடு போடும் அடிமட்டம் போல நேராக்கிவிட்டார். அன்றிலிருந்து அடிமட்டத்தின் மேல்தான் நடக்கிறேன்." சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். எழும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

டொக்டரின் பெயர் கிர்ஸ்டன். அங்கே டொக்டரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என் வாய்க்கு அது வரவில்லை. ஓய்வுக்கு நெருங்கிய வயது. குட்டையாக வெட்டிய நரைமுடி. காலில் மர அடி வைத்த செருப்பு. சேவியர் அண்ணை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மொழிபெயர்க்க வந்தார்.

நான் சப்பாத்தை, சுற்றியிருந்த துவாய்த் துண்டோடு, மேசையில் வைத்து விரித்தேன். டொக்டர் ஒன்றைக் கையில் எடுத்தார். அடிப்பக்கத்தைத் திருப்பினார். கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"மிக அழகாக இருக்கிறது" என்றார். பிறகு ஏதோ கேட்டார்.

"மத்தது எங்க எண்டு கேக்கிறா" என்றார் சேவியர் அண்ணை.

"எது மற்றது?"

"பழசு மனே. தேஞ்சது."

எனக்குக் காது சூடாகியது. பழையதை ஒரு பெரிய மனுஷியின் கையில் கொடுப்பது எங்களிடம் வழக்கமில்லை என்று சொன்னேன். சேவியர் அண்ணை நீளமாக விளக்கினார். டொக்டர் சிரிக்கவில்லை. எழுந்து பக்கத்துக் கதவைத் திறந்தார்.

உள்ளே சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டு முழுக்கச் சப்பாத்துகள். குழந்தைகளுடையது, பெரியவர்களுடையது, ரப்பர் பூட்ஸ், கலியாணச் சப்பாத்துகூட ஒன்று. எல்லாம் தேய்ந்தவை, அடியில் மண் ஒட்டியவை. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய ஒரு பெயர்ச்சீட்டு. ஒரே பிள்ளையின் சப்பாத்துகள் சிறிதிலிருந்து பெரிதாக வரிசையில் நின்றன.

"எனக்கு முன்னால் எல்லோரும் நன்றாக நடப்பார்கள்" என்றார் டொக்டர். "இந்த நடைபாதையில் பத்து அடி கவனமாக நடந்து காட்டுவார்கள். பிறகு வீட்டுக்குப் போய் விழுவார்கள். நான் பார்க்காத நாட்களை எல்லாம் சப்பாத்துத்தான் பார்த்திருக்கிறது."

பிறகு என் காலைப் பார்த்தார். "இதுவும் உங்களுடையது இல்லை. தோல் மடிந்த இடமும் உங்கள் விரல் மடியும் இடமும் வேறு."

வேறு வழியில்லை. பொலித்தீன் பையை எடுத்தேன். என் கிழிசலை அவர் இரண்டு கையாலும் வாங்கினார். சின்னப் பிள்ளைக்குப் பலகாரம் கிடைத்தது போல முகம் மலர்ந்தது. வெளி ஓரம் தேய்ந்து தகடாகிவிட்டது, நுனி உராய்ந்து ஓட்டையாகிவிட்டது.

"இடது கால் மோசம். படியேறும்போது வலது காலை முதலில் வைக்கிறீர்கள். விழுந்தால் வலப்பக்கம்தான் விழுவீர்கள், இல்லையா?"

வலது முழங்கையின் தழும்பைக் காட்டினேன்.

என்னை வெறுங்காலோடு நிற்கவைத்தார். ஒரு சிறு மரக்கட்டையைப் பாதத்தின் வெளி ஓரத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் குந்தி என் குதியைப் பார்த்தார். பாதம் இன்னும் இளக்கமாக இருந்தால், உள்ளே சாய்ந்த குதி கட்டையில் ஏறியதும் நிமிரும். நிமிர்ந்தால் எலும்பில் கை வைக்கத் தேவையில்லை. ஒரு தசைநாரை எடுத்து இடம் மாற்றித் தைத்தால் போதும். நிமிராவிட்டால் எலும்பு இறுகிவிட்டது என்று அர்த்தம். என் குதி அசையவில்லை.

"உங்களைச் சிறுவனாகப் பார்த்திருக்க வேண்டும்" என்றார். அதைச் சொல்லிவிட்டுக் கட்டையைத் துடைத்து மேசையில் வைத்தார்.

கோப்பி வந்தது. இளம் வயதில் போலியோப் பிள்ளைகளின் கால்களைத் தொட்டு இந்த வேலையைப் பழகியதாகச் சொன்னார். பிறகு பரம்பரையாக நரம்பு கெடுபவர்கள், தசை கரைபவர்கள் என்று இவர்கள் பக்கம் வந்தார். அப்போது எலும்பை வெட்டி மூட்டுகளைச் சேர்த்து இறுக்கிவிடுவதுதான் வழக்கம். பாதம் நேராகும். முன்னும் பின்னும் படம் எடுத்து மாநாடுகளில் காட்டினார். கைதட்டினார்கள்.

"ஓலெ அந்தப் படங்களில் ஒருவர். பூட்டிய மூட்டின் வேலையைப் பக்கத்து மூட்டு செய்தது. இத்தனை வருடம் செய்து அது தேய்ந்து போனது. அவர் என்னிடம் கோபிப்பதில்லை. பகிடி விடுகிறார். கோபித்தால் எனக்குச் சுலபமாக இருக்கும்."

சேவியர் அண்ணை இதை மொழிபெயர்க்கும்போது தன் வழக்கமான பகிடியை விட்டுவிட்டார். குரல் தாழ்ந்தே வந்தது.

அதன் பிறகுதான் டொக்டர் சப்பாத்துச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். குறைய வெட்டு, முந்திச் செய் என்பதுதான் அவர் கடைசியாகக் கண்டது. அதற்குப் பிள்ளை கையில் இருக்க வேண்டும். தர்சினி கொழும்பில் இருந்தாள்.

"தாய்க்குக் கண் நன்றாகத் தெரியுமா?" என்று கேட்டார் டொக்டர்.

"ஊசியிலை நூல் கோப்பா" என்றேன்.

எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லித் தந்தார். மத்தியானம் சேவியர் அண்ணையின் வீட்டிலிருந்து லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தோம். லொட்ஜ்காரர் அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தார். கதவுக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை ஒன்று அங்கே இருந்தது. அதில் பிள்ளையை ஏற்றச் சொன்னேன்.

"பாதத்தின்ரை வெளிக்கரை மட்டும் கட்டையிலை, அக்கா. பெருவிரல் கீழை தொங்கட்டும். பின்னாலை இருந்து குதியைப் பார்."

வெறும் இரைச்சல் கேட்டது. பிறகு அக்காவின் குரல்.

"தம்பி, நிமிருது! உள்ளுக்குச் சாய்ஞ்சு நிண்டது நேரா வருது. ரெண்டு காலும்."

"வடிவாப் பார்த்தனியே?"

"இறக்கி ஏத்தி மூண்டு தரம் பார்த்திட்டனடா."

சேவியர் அண்ணை எனக்குப் பின்னால் சிலுவை போட்டுக்கொண்டார். அக்கா பிள்ளையிடம் போனைக் கொடுத்தாள்.

"மாமா, சப்பாத்து டொக்டருக்குப் பிடிச்சதோ?"

"பிடிச்சது ராசாத்தி. வடிவெண்டு சொன்னவ."

"கடையிலை நான் கீழை கால் வைக்கேல்லை மாமா. அம்மா என்னைத் தூக்கி வைச்சுத்தான் அளவு பார்த்தவ. ஊத்தை பிரளக் கூடாதெண்டு."

அவளுடைய பழைய செருப்பை எங்கேயும் போடவேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் லைன் போய்விட்டது.

பின்னேரம் திரும்பவும் டொக்டரிடம் போனோம். கேட்டுவிட்டு முகம் மலர்ந்தார். ஆனால் எழுதும்போது பேனா நின்று நின்று போனது. இது பரம்பரை நோய், மாமனின் கால்களை நான் பரிசோதித்தேன், பிள்ளையின் பாதம் இன்னும் இளக்கமாக இருப்பதாகத் தாய் கூறுகிறார், தாமதித்தால் இறுகும் என்று எழுதினார். அவ்வளவுதான்.

"தேய்ந்த சப்பாத்து இருந்திருந்தால், நானே கண்டேன் என்று எழுதியிருப்பேன்" என்றார். "தாய் கூறுகிறார் என்பது பலவீனமான சொல். பழையதை வரவழையுங்கள், திரும்ப எழுதுகிறேன்."

"எங்கடை சனத்திலை ஒருத்தருக்கும் பதிலே வாறதில்லை எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றேன்.

டொக்டர் தலையை ஆட்டினார். "மெதுவாக வரும். டென்மார்க்கில் பதில் வராமல் இருக்காது." அவர் அதை உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்கும் நம்பிக்கை வந்தது.

பழைய செருப்பு பிறகு வந்தது. டொக்டர் வலுவாகத் திரும்ப எழுதினார். முதல் கடிதம் கிடந்த அதே அடுக்கில் அதுவும் போய்க் கிடந்தது. நம்மவர்களின் விண்ணப்பங்களை எடுக்காமல் வைத்திருக்கச் சொல்லி மேலிடத்திலிருந்தே உத்தரவு இருந்தது என்று பின்னாளில் நாடே பேசியது. அதனால் ஒரு மந்திரிசபையே போனது. அது போனபோது தர்சினி வந்துவிட்டிருந்தாள். கிர்ஸ்டன் ஓய்வுபெற்றிருந்தார்; என்றாலும் அந்த மரக்கட்டையைக் கைப்பையில் கொண்டு வந்தார். பிள்ளையை ஏற்றினார். குதி அசையவில்லை. எலும்பை வெட்டித்தான் நேராக்கினார்கள், அவர் இனிச் செய்வதில்லை என்று விட்ட அதே முறையில். செய்தது அவருடைய மாணவர். வெளியே வாங்குப் பலகையில் அக்காவுக்குப் பக்கத்தில் கிர்ஸ்டன் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை.

"நான் அண்டைக்குப் பழசை அனுப்பியிருந்தா" என்று அக்கா இன்றைக்கும் தொடங்குவாள். ஒன்றும் மாறியிருக்காது என்று அத்தான் சொல்வார். நானும் சொல்வேன். அவள் கேட்பதில்லை. பூட்டிக்கிடந்த அலுவலக அலுமாரிக்கு அவள் தன்னைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டாள்.

அன்று இது ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. டொக்டர் எனக்கு ஒரே ஒரு புத்தி சொல்லி அனுப்பினார்: நின்று செய்யும் வேலை வேண்டாம், உட்கார்ந்து செய்யும் வேலையாகப் பாருங்கள். சரி என்றேன். ஆனால் பழைய செருப்பு வரும்வரை ஓகூஸில் யாராவது இருக்க வேண்டும். கிரின்ஸ்டெட்டிலிருந்து அத்தானால் வர முடியாது. சேவியர் அண்ணையிடம் கேட்டேன்.

"உட்கார்ந்து செய்யிற வேலைக்குப் படிக்கோணும் மனே" என்றார். "நிண்டு செய்யிறது ஒண்ணு இருக்கு. என்னோடதான்."

மறுநாள் காலை அந்த வேலையை எடுத்தேன். நீலச் சட்டை கொடுத்தார்கள், வாளி கொடுத்தார்கள், துடைப்பம் கொடுத்தார்கள். என் கிழிசலையே போட்டுக்கொண்டு போனேன். முதல் அறை சப்பாத்து அறை. தரையையும் தட்டுகளையும் துடைக்கலாம், சப்பாத்தின் அடியை மட்டும் தொடக் கூடாது என்று சேவியர் அண்ணை சொல்லித் தந்தார். ஒவ்வொன்றாகத் தூக்கி, கீழே துடைத்து, மண் உதிராமல் திரும்ப வைத்தேன். கீழ்த்தட்டின் கடைசியில் தர்சினியின் சப்பாத்து நின்றது. டொக்டர் அதிலும் நூல் கட்டிப் பெயர்ச்சீட்டுத் தொங்கவிட்டிருந்தார். அதற்குப் பக்கத்தில், அடுத்த அளவுகளுக்கு, இடம் விட்டிருந்தார். அந்த இடத்தையும் துடைத்தேன்.